குடிக்காத எப்சிபா

டென்மார்க்கில் எஸ்பியர்க் நகரத்து மீன் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் கத்தி பிடித்தவள் எப்சிபா. மீன் சம்பந்தப்பட்ட டேனிஷ் சொற்கள் அத்தனையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முள்ளுக்கு என்ன சொல், செதிளுக்கு என்ன சொல், பழுதாகிப்போன மீனைக் கண்டால் மேற்பார்வையாளன் என்ன சொல்லித் திட்டுவான், எல்லாம் தெரியும். ஆனால் மரம் செடி கொடி என்று வந்தால் ஆள் சுத்தப் பூச்சியம். ஒரு தவறு நடந்ததற்கு அதுதான் காரணம். அதைத் தவறு என்று சொல்லலாமா கூடாதா என்பதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மீன் தொழிற்சாலையை மூடினார்கள். ஒரு மாதம் கழித்து வேலை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி, முந்திப் பால் பதனிட்ட ஒரு பழைய கட்டடத்தில், காய்களையும் இலைகளையும் துப்புரவு செய்து பொறுக்க ஒரு ஆள் வேண்டுமாம். எப்சிபா பஸ் பிடித்துப் போனாள். கதவைத் திறந்தவர் கொலின். டேனிஷ்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, அவள் விட்டுவிட்டுப் போன பிறகும் நாட்டைவிட்டுப் போகாத ஸ்கொட்லாந்துக்காரர். ஆறடி உயரம், நெஞ்சுவரைக்கும் செம்பட்டைத் தாடி.

டேனிஷ்காரர் வாய்க்குள் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு கதைக்கிறவர்கள் என்றால், கொலின் அந்தக் கிழங்கைத் துப்பிவிட்டுக் கதைக்கிறவர். எழுத்துக்கு எழுத்து உதிரும். அவர் மேசையில் கிடந்த கருநீலக் காய்களில் ஒரு பிடி அள்ளி அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"ஏனெபேர்?" என்று கேட்டார்.

அந்தக் காய்க்கு டேனிஷில் அதுதான் பெயர். ஜின் என்ற குடிவகைக்கு உயிரே அந்தக் காய்தான். இதைத் தெரியுமா என்று கேட்கிறார் மனிதர். ஆனால் எப்சிபாவின் காதில் விழுந்தது அது இல்லை. அவள் காதில் சுத்தத் தமிழில், "என்ன பேர்?" என்று விழுந்தது.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினேழு வருடத்தில் இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரராவது தமிழில் ஒரு வார்த்தை படித்துவைத்து வரவேற்றிருக்கிறாரா? நிமிர்ந்து நின்று, "எப்சிபா" என்றாள்.

கொலின் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "எப்சிபா. எப்சிபா." தாடிக்குள் சிரித்தார். பிறகு ஒரு கொப்பியை எடுத்து அதில் எழுதியும் வைத்தார். அதற்கப்புறம்தான் வேலை அலுவலகம் அனுப்பிய தாளைப் பார்த்தார். அதில் அவளுடைய அப்பா பிறப்புப் பத்திரத்தில் எழுதுவித்தபடி, முன்னால் ஒரு எச், நடுவில் ஒரு எச், கடைசியில் ஒரு எச் என்று பெயர் கிடந்தது. டேனிஷ் அலுவலகங்கள் அதை ஹெஃப்சிபா என்றுதான் வாசிக்கும். "வாங்கோ, ஹெஃப்சிபா" என்று கை குலுக்கினார். இப்போதுதானே சரியாகச் சொன்னார், தாளைப் பார்த்ததும் கெடுத்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு அவளும் கை கொடுத்தாள்.

இரண்டாம் நாள்தான் அடுத்த அறைக்குள் நின்ற செம்புப் பானையைக் கண்டாள். ஆள் உயரப் பானை, கழுத்து நீண்டு வளைந்து, மறுபக்கத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அது சாராயம் வடிக்கிற பானை என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எப்சிபா பெந்தெகொஸ்தே சபைக்காரி. திருவிருந்துக்குக்கூடக் கடையில் வாங்கிய திராட்சைச் சாறுதான் கொடுக்கிற சபை அது. அவள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுக்கிற ரீச்சர் வேறு.

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள். தேவதாசனுக்கு நகர பஸ் ஓட்டுகிற வேலை. எந்தச் சிக்கலையும் அடுத்த தரிப்பிடத்தில் இறக்கிவிட்டுப் போகிற சுபாவம்.

"குடிக்கிறவனுக்குத்தான் பாவம். இலை பொறுக்கிறவளுக்கு என்ன பாவம்?" என்றான். "ஆரும் கேட்டா மூலிகைக் கொம்பனி எண்டு சொல்லு. அது பொய்யில்லைத்தானே?"

பொய்யில்லைதான். பாதி உண்மை. முழுப் பொய் என்றால் ஒருநாள் பிடிபட்டுத் தொலையும், பாதி உண்மை பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துவிடும். அது எப்சிபாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கொலினின் தங்கை வட ஸ்கொட்லாந்துக் கரையோரத்தில் இருந்தாள். மலைச்சரிவிலும் சதுப்பிலும் கடற்பாறையிலும் தானே நடந்து பொறுக்கியதை எல்லாம் பழைய தலையணை உறைகளில் அடைத்து அனுப்புவாள். ஒரு உறையில் ஊதாப் பூ, ஒன்றில் சிவப்பு மலைப்பழம், ஒன்றில் காய்ந்த கடற்பாசி. சதுப்பில் முளைக்கிற ஒரு இலை வரும். டேனிஷில் அதற்குப் போர்ஸ் என்று பெயர். கசக்கினால் கர்ப்பூரமும் கறுவாப்பட்டையும் கலந்தமாதிரி மணக்கும். ஏனெபேர் காயோ ஒரே கொப்பில் பச்சையும் நீலமுமாகக் காய்க்கிற சாதி, பழுக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அதில் பச்சையைப் பொறுக்கி எறியவேண்டும், இல்லாவிட்டால் ஜின் கசந்துபோகும் என்று கொலின் சொன்னார். மீனில் ஊசி முள்ளுத் தேடின விரலுக்கு இது என்ன பெரிய வேலையா? கொஞ்ச நாளில் கொலின் தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டார். உலர்த்தியது போதுமா, இன்னும் ஒருநாள் கிடக்கட்டுமா என்று அவளிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார். அவள் மணந்து பார்த்துச் சொல்வாள். பானையிலிருந்து இறங்கியதை மட்டும் மணக்கவும் மாட்டாள்.

சபையில் தவமணியக்கா என்று ஒருவர் இருந்தார். வாய் ஓயாது, முழங்கால் வலியும் ஓயாது. "மூலிகைக் கொம்பனியிலைதானே நிக்கிறாய், எனக்கு ஏதும் கொண்டுவாவன் தங்கச்சி" என்று நச்சரித்தார். எப்சிபாவும் ஒரு கை போர்ஸ் இலையைக் கொண்டுவந்து தேநீரில் போட்டுக் குடிக்கச் சொன்னாள். மூன்றாம் ஞாயிறு தவமணியக்கா சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழும்பி, சகோதரி எப்சிபாவின் மூலிகையால் கர்த்தர் தன் முழங்காலைத் தொட்டார் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் பீற்றர் எப்சிபாவைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். எப்சிபாவுக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

இதற்கிடையில் வன்னியில் சண்டை இறுகிக்கொண்டே வந்தது. எப்சிபாவின் ஒரே தம்பி லூக்காஸ் அங்கேதான் இருந்தான். கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவன், சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைக்குப் போயிருந்தான். மாசி மாதம் யாரோ ஒருவருடைய போனில் ஒன்றரை நிமிடம் கதைத்தான். "அக்கா, எல்லாரும் ஜெபியுங்கோ. பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை.

பங்குனி போனது, சித்திரை போனது. சபையில் ஆள் மாறி ஆள் பட்டினி கிடந்து ஜெபிக்கிற சங்கிலி உபவாசம் நடந்தது. எப்சிபா முழங்காலில் நிற்பாள், வாய் ஜெபிக்கும், மனம் மட்டும் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கும். நீ என்ன முகத்தோடு கேட்கிறாய்? சபைக்கு முன்னால் மூலிகை, சபைக்குப் பின்னால் சாராயம். உன்னுடைய ஜெபம் கூரைக்கு மேலே போகுமா? தன்னுடைய பொய்தான் தம்பியின் உயிருக்கும் கர்த்தருக்கும் நடுவில் குறுக்கே கிடக்கிறது என்று அவள் உறுதியாக நம்பத் தொடங்கினாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியம்போலத் தெரியலாம். தம்பி எங்கே என்று தெரியாமல் மூன்று மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

மே மாதம் பதினெட்டாம் திகதி சண்டை முடிந்தது என்றார்கள். முடிந்த விதத்தை நான் சொல்லப்போவதில்லை, எல்லாரும் பார்த்தோம். அடுத்தநாள் காலை அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் தொலைக்காட்சி. கொலின் காரில் வரும்போது செய்தி கேட்டிருக்கிறார். வந்ததும் பானைக்குக் கீழே நெருப்பை நிறுத்தினார். தேநீர் போட்டு அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு எதிர்க்கதிரையில் இருந்தார். மத்தியானம்வரை அவளோடு சேர்ந்து பச்சைக் காய் பொறுக்கினார், பாதியைப் பிழையாகப் பொறுக்கினார். அன்றைக்கு அவளுக்கு அந்த மனிதரில் வந்த அன்பு பிறகு குறையவே இல்லை.

ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை கொலின் ஒரு பெட்டியோடு வந்தார். முகத்தில் கலியாண மாப்பிள்ளையின் களை. முதல் முறை அவருடைய ஜின் கடைகளுக்குப் போகப்போகிறது, எஸ்பியர்க்கில் நாலு கடை, ஓகூஸ் நகரத்தில் ஆறு கடை. லேபல் அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை உரித்து வெறும் போத்தலில் ஒட்டி அவளுக்கு முன்னால் வைத்தார்.

ஊதாப் பூவும் நீலக்காயும் வரைந்த அழகான லேபல். நடுவில் பெரிய ஆங்கில எழுத்துகளில், எச் ஒன்றும் இல்லாமல், எப்சிபா என்றிருந்தது.

அவள் லேபலை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது... என்ன?" என்று கேட்டாள்.

"உங்கள் பாஷைச் சொல்" என்றார் கொலின். "எல்லாரும் கோட்டை, மலை, குலம் என்று பெயர் வைக்கிறார்கள். நான் யோசித்தேன், இந்தக் காயைப் பொறுக்குகிறவரின் பாஷையிலேயே இந்தக் காயின் பெயரை வைப்போம் என்று. உங்கள் ஊர் அப்படி எரிந்த நேரம் எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?" சொல்லிக்கொண்டே பழைய கொப்பியைத் திறந்து காட்டினார். முதல்நாள் திகதி போட்டு, ஏனெபேர் என்பதற்குத் தமிழ்: எப்சிபா, என்று கிடந்தது. போத்தலின் பின்பக்கத்திலும் அதையேதான் டேனிஷில் அச்சடித்திருந்தார்கள்.

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. என்ன பேர் என்று கேட்டதும் தான் நிமிர்ந்து நின்று பதில் சொன்ன சீத்துவம் கண்ணுக்குள் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. ஒருவாறு மூச்சைப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். "அது காயின் பெயர் இல்லை, கொலின். என்னுடைய பெயர்."

கொலின் போத்தலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். தாடி மட்டும் அசைந்தது. அவள் குடிக்காதவள், சபைக்காரி என்பது அவருக்குத் தெரியும். தன் தலையிலேயே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டார்.

"அறுநூறு லேபல்" என்றார் பிறகு. "ஒரு சொல் சொல்லுங்கள், எல்லாவற்றையும் அடுப்பில் போடுகிறேன். திங்கட்கிழமை வந்து சொல்லுங்கள். கடைக்காரர்கள் காத்திருக்கட்டும்."

திங்கட்கிழமைவரை எதற்கு? இப்போதே போடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்று இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எப்சிபா எழும்பினாள். பக்கத்தில் தேவதாசன் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். இழுத்தது கையோடு வந்ததே தவிர ஆள் நின்றபடிதான்.

"நான் வேலை செய்யிறது மூலிகைக் கொம்பனியிலை இல்லை" என்றாள் மைக்கில். "சாராயம் வடிக்கிற இடத்திலை. ஏழு மாதமா உங்கள் எல்லாருக்கும் மறைச்சனான். இப்ப அந்தப் போத்தலிலை என்ர பேரையும் போட்டுட்டினம். என்னை மன்னியுங்கோ. என்ர பிழைக்காக என்ர தம்பியைக் கர்த்தர் தண்டிக்கக்கூடாது எண்டு ஜெபியுங்கோ."

நாற்பது பேர் இருந்த மண்டபத்தில் தவமணியக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப என்ர முழங்கால்?"

"அது வெறும் இலைதான் அக்கா. இலையிலை ஒண்டுமில்லை."

"அப்ப சரி" என்று தவமணியக்கா இருந்துவிட்டார். அந்த நேரத்தில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் பீற்றர் அவளைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. தேவதாசனைவிட இளையவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "உண்மையைச் சொன்னது நல்லது சகோதரி. ஆனா பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதைக் கொஞ்சக் காலத்துக்கு நிப்பாட்டுவம். பேரை உடனை எடுக்கச் சொல்லுங்கோ. அப்பா அம்மா ஜெபிச்சு வைச்ச பேர் அது." எப்சிபா ஓம் என்றாள். ஞாயிறு பள்ளியை விட்டது அவளுக்கு இழப்புத்தான். என்றாலும் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பொய்யின் பாரம் இறங்கியிருந்தது.

அன்று பின்னேரம் தேவதாசன் கணினிக்கு முன்னால் இருந்தான். முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள் என்று யார் யாரோ பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எது சரி, எது பிழை என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டு எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது, சொன்னவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு மனிதர் மூன்று விதமாகக் கிடப்பார், மூன்று மனிதர் ஒன்றாகக் கிடப்பார். லூக்காஸ் என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் இருவரும் தேடினார்கள். பத்தொன்பது பக்கம் இறங்கினார்கள். கண் எரிந்தது. வயதும் ஊரும் பொருந்துகிற லூக்காஸ் ஒருவனும் இல்லை. யாரோ தங்கள் ஆட்களைத் தேடிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போன குறிப்புகள்தான் இருந்தன. இந்தப் பெயரை எங்காவது கண்டீர்களா, இந்தப் பெயரை யாராவது கேள்விப்பட்டீர்களா?

எப்சிபா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உலகம் முழுக்க எங்கள் சனம் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. எழுதி வைக்க ஆளில்லாமல் எத்தனை பெயர் மண்ணுக்குள் போய்விட்டது? நான் மட்டும் நாளைக்குப் போய், என் வாயாலேயே, ஒரு பெயரை அழி என்று சொல்லவேண்டுமா?

திங்கட்கிழமை கொலின் பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார்.

"இருக்கட்டும்" என்றாள் எப்சிபா.

"உண்மையாகவா?"

"பேரை அழிக்கிற கிழமை இல்லை இது. ஆனால் பின்பக்கத்தை மாற்றவேண்டும். அது பொய். இனிமேல் என்னால் பொய்யோடு இருக்க ஏலாது."

பின்பக்கத்துக்கு மட்டும் புதிய தாள் அச்சடித்தார்கள். என்ன எழுதுவது என்று கொலின் கேட்டார். எப்சிபா யோசித்து யோசித்து, தன் மீன் தொழிற்சாலை டேனிஷில், மூன்று வசனம் சொன்னாள். எப்சிபா என்பது எஸ்பியர்க்கில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர். இந்தப் போத்தலில் உள்ள ஏனெபேர் காய்களை அவர் கையால் பொறுக்கினார். அவர் குடிப்பதில்லை.

மூன்றாவதைக் கேட்டதும் கொலினின் புருவம் நெற்றிக்கு ஏறிவிட்டது. "ஜின் போத்தலில் இதைப் போட்டால் எவன் வாங்குவான்?"

"வாங்காவிட்டால் இன்னும் நல்லது" என்றாள் அவள்.

வாங்கினார்கள். டேனிஷ்காரருக்கு அந்த மூன்றாவது வசனம் நல்ல பகிடியாகப் போய்விட்டது. பார்ட்டிகளில் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்துச் சிரித்தார்களாம். அங்கே சபையில் எப்சிபாவின் நிலைமை அப்படியொன்றும் நன்றாக இல்லை. பாஸ்டர் முகம் கொடுத்துக் கதைத்தார், ஆனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு குடும்பம் வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டது. தவமணியக்கா மட்டும் வழக்கம்போல இலைக்கு வந்தார். "உன்ர போத்தல் உன்னோடை, என்ர முழங்கால் என்னோடை" என்றார்.

ஆடியும் கழிந்தது. தம்பியைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருந்தால் இத்தனை நாளில் ஒரு வழி பண்ணியிருப்பானே என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் அவளைத் தொட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். செத்தவீட்டில்தான் அப்படித் தொட்டுக் கதைப்பார்கள். அது எப்சிபாவுக்குப் பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணியிருக்கும், கொலின் அலுவலக அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "உங்களுக்குத்தான். ஓகூஸிலிருந்து யாரோ நேர்ஸ். லேபலில் இருக்கிற நம்பருக்கு எடுத்திருக்கிறா."

கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். மறுபக்கத்தில் ஒரு டேனிஷ் பெண், வயதான குரல், அவசரப்பட்டுக் கதைத்தாள். தன் பெயர் இங்கர் என்றாள். ஆனி தொடங்கி ஐந்து கிழமை வவுனியாப் பக்கம் ஒரு வைத்தியசாலைக் கூடாரத்தில் வேலை செய்துவிட்டு வந்தவளாம். அங்கே தொடையில் காயத்தோடு ஒருவன் கிடந்தானாம். இவள் டென்மார்க் என்று தெரிந்ததும் கையை விடவில்லையாம். அக்கா எஸ்பியர்க்கில் இருக்கிறா, எப்சிபா என்று பெயர் என்றானாம்.

எப்சிபா கதிரையைத் தேடினாள். கொலின் பின்னால் இழுத்து வைத்தார்.

"அவன் ஒரு நம்பர் சொன்னான், பிழையான நம்பர். எடுத்தால் யாரோ தச்சர் கதைக்கிறார்" என்றாள் இங்கர். "டெலிபோன் புத்தகத்தில் தேடினேன், அவன் சொன்ன சத்தப்படி. அப்படி ஒரு பெயர் டென்மார்க்கிலேயே இல்லை."

எப்படி இருக்கும்? புத்தகத்தில் அவள் எச் எழுத்தில் அல்லவா கிடந்தாள்.

"பிறகு போன சனிக்கிழமை என் தோழி வீட்டில் பிறந்தநாள். மேசையில் உங்கள் போத்தல். எனக்கு எந்தப் போத்தலைக் கண்டாலும் பின்பக்கத்தை வாசிக்கிற பழக்கம், மருந்துப் போத்தல் பிடித்த கை. மூன்றாவது வசனத்தை வாசித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்று கேட்கிறீர்களா? நான் அவனிடம் பகிடியாகச் சொன்னேன், உன் அக்காவைக் கண்டால் இரண்டு பேரும் ஒரு பியர் குடிப்போம் என்று. அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் அவன் சிரித்தான். அக்கா மணந்தும் பார்க்கமாட்டா என்றான்."

"உயிரோடை இருக்கிறானா?" என்று எப்சிபா தமிழில் கேட்டாள். தமிழில் கேட்டது அவளுக்கே தெரியவில்லை. இங்கருக்கு அது விளங்கியிருக்கவேண்டும்.

"இருக்கிறான். நடக்கிறான், கொஞ்சம் சாய்த்து. நான் வெளிக்கிடும்போது முகாமுக்கு மாற்றினார்கள். எந்தப் பகுதி, எத்தனையாம் கூடாரம், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்." தாள் சரசரத்தது. "கடிதம் கொண்டுவர விடவில்லை. அதனால் ஒரு வசனத்தை எனக்குச் சொல்லித் தந்தான். அர்த்தம் எனக்குத் தெரியாது, காதில் விழுந்தபடி எங்கள் எழுத்தில் எழுதினேன். வாசிக்கட்டுமா? பிழையாக இருந்தால் மன்னியுங்கள்."

வாய்க்குள் கிழங்கு வைத்த அந்தக் குரல், ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்துப் பார்த்து வாசித்தது.

"அக்கா. நான். இர்க்கின். அளாதெ. சாப்புடு."

எப்சிபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் தாடி நனைந்துகொண்டிருந்தது.

"ஹலோ? பிழையாக வாசித்துவிட்டேனா?" என்றாள் இங்கர்.

"இல்லை" என்றாள் எப்சிபா. "சரியாகத்தான் வாசித்தீர்கள். இன்னொருக்கா வாசியுங்கள்."

இங்கர் வாசித்தாள். எப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொருக்கா என்றாள்.